கஜேந்திரனின் அரைப்பேர்கள்

கட்டுநாயக்கவில் விமானம் இறங்கி அட்டனுக்கு வந்து சேர்ந்ததும் கஜேந்திரன் தன் குறிப்பேட்டை எடுப்பார். அன்றைய திகதிக்கு நேரே இந்தியாவுக்கு ஓர் அரை, இலங்கைக்கு ஓர் அரை என்று பென்சிலால் எழுதுவார். அதை முடித்துத்தான் தேநீரில் வாய் வைப்பார். மனைவி இராஜகுமாரி எதிரில் நின்றாலும் இதுதான் வரிசை.

வயது முப்பத்தெட்டு. பஸ் நிலையத்துக்கு எதிரே இன்டர்நெட் கடையின் மூலைக் கணினியில் உட்கார்ந்து லண்டன் கம்பெனி ஒன்றுக்கு வீட்டு வரைபடம் வரைகிறார். யாருடைய குளியலறையையோ இரண்டங்குலம் நகர்த்த ஒரு காலைப்பொழுதைச் செலவழிக்கிற இந்த மனிதர் குடியிருப்பது இன்னும் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில். சொந்த வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. கூரைக்குக் காசு சேர்க்கிறார். அம்மா காளியாயி, ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன தன் மூத்த மகளோடு கோத்தகிரியில். ஆகவே இவருக்கு ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே. அங்கேயும் ஒரு கடை, ஒரு மூலைக் கணினி.

இலங்கையில் வரி கட்ட அவர் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒரு வரி ஆண்டில் இந்தியாவில் நூற்று எண்பத்திரண்டு நாள் ஆகிவிட்டால் லண்டன் சம்பளத்துக்கு அங்கேயும் கணக்குக் காட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து நாள் எண்ணுகிறார். எண்ணுவது தோட்டத்து வழக்கப்படி. அங்கே ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், பறித்த கொழுந்தின் எடை குறைந்தால் அரைப்பேர். பயண நாள் இரண்டு நாட்டுக்கும் பொது, ஆளுக்கு அரைப்பேர். இதைவிட நியாயம் உண்டா என்று நண்பன் என்னையே கேட்டிருக்கிறார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

2006 மார்ச்சில் அம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன் நாள் குறித்தார்கள். பத்து நாள் கூட இருக்க வேண்டும். குறிப்பேட்டில் நூற்று எழுபத்தொன்று. பத்தைக் கூட்டினாலும் தப்பிவிடலாம். எதற்கும் கேட்டு வைப்போம் என்று கணக்காளர் கனகலிங்கத்திடம் போனார். நானும் கூடப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் குறிப்பேட்டை இரண்டு முறை புரட்டிவிட்டுச் சொன்னார்:

"தம்பி, சட்டத்தில அரை நாள் எண்டு ஒண்டு இல்லை. இறங்கின நாளும் முழு நாள், ஏறின நாளும் முழு நாள்."

ஆறு பயணம், பன்னிரண்டு அரை. ஆறு நாள் கூடி நூற்று எழுபத்தேழு ஆயிற்று. மிச்சம் நான்கே நாள்.

கஜேந்திரன் குறிப்பேட்டை வாங்கி மூடினார். பிறகு மெல்லச் சொன்னார்: "அம்மா இருட்டுற வரைக்கும் மலையில நின்னாலும் எடை கொறஞ்சா அரைப்பேருதாங்க போடுவாங்க. இவங்க அரை நாளுக்கு முழுப்பேரு போடுறாங்களே."

ஏப்ரலில் புது வரி ஆண்டு பிறந்ததும் போகும்படி கனகலிங்கம் யோசனை சொன்னார். இப்போதே போனால் கூரைக் காசில் பாதி வரிக்கும் அலைச்சலுக்கும் கரையும் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் இந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறை மழைக்காலம் கழிந்துதான். காளியாயிக்கோ இப்போதே மகள் எது, கதவு எது என்று தெரியவில்லை. மகன் குரல் பக்கத்தில் கேட்டால்தான் மேசையில் படுப்பேன் என்று பிடிவாதம் வேறு.

கஜேந்திரன் கைபேசியை எடுத்துக் கொழும்பில் ஏற்கெனவே டிக்கட்டுக்குச் சொல்லிவைத்திருந்தவரை அழைத்தார்.

"போற திகதி அதேதாங்க," என்றார். "திரும்புற திகதிய மட்டும் எழுதாம விட்டுருங்க."