பித்தளைப் பொட்டு

கத்திக்காரர் செய்யும் மடக்குக்கத்தியின் பிடியில் ஒரு பித்தளைப் பொட்டு இருக்கும். அழகுக்கு வைத்ததல்ல. முதல் கத்தியில் துளையை இடம் தவறிப் போட்டுவிட்டு, அதை மறைக்க அடித்த ஆணி. வாங்கியவர்களுக்குப் பிடித்துப்போக, அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது.

பிறகு அதே பொட்டோடு போலிகள் வந்தன. ஸ்பிரிங் தொளதொளவென்று இருக்கும். மடக்கும்போதே விரலைப் பதம் பார்க்கும். கட்டுப்போட்ட விரலோடு யாராவது தெருவில் வந்தாலே இவர் பட்டறைக்குள் ஒதுங்கிக்கொண்டார்.

"நாசமாப் போறவனுங்க, என் தப்பைக்கூட விட்டுவைக்கலையே!" என்று கத்தியவர், துளைக்கு இடம் காட்டும் அச்சுத் தகட்டை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டார். பொட்டில்லாமல் கத்தி செய்ய ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து ஒன்றும் விற்கவில்லை. இன்று வந்த தையல்காரர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொட்டைக் காணோமே?"

"பொட்டு வச்சதெல்லாம் போலி. இதுதான் என் கத்தி."

"எல்லா டூப்ளிகேட்காரனும் இப்படித்தாண்ணே சொல்றான்" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"வீம்பு போதுங்க. பழையபடி பொட்டே வச்சிடுங்க" என்றாள் மனைவி.

டிரில்லை எடுத்துப் பிடிமேல் வைத்தவர், அதை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். எந்த இடம்? தவறிப் போட்ட துளைக்குக் கணக்கேது? பார்த்துச் செய்யப் பழைய கத்தி ஒன்றுகூட மிச்சமில்லை.

மனைவி செருப்பை மாட்டினாள்.

"கடைத்தெருவுல அவனுங்க கத்தி ஒண்ணு வாங்கிட்டு வரேன். அதைப் பாத்து அளவெடுத்துக்கங்க."