ஈரக் கை

யுத்தத்தால், முகத்தில் பூசும் சீமை ஸ்னோ வருவது நின்றுபோனது. திருமுல்லைவாயில் வீட்டில் நானே காய்ச்ச ஆரம்பித்தேன். தேன்மெழுகையும் தேங்காயெண்ணெயையும் உருக்கி, வெங்காரம் கரைத்த தண்ணீரை ஊற்றிக் கிளறினால், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் வெண்ணெய் போலத் திரளும். கெடாமலிருக்கப் போரிக் பவுடரும் போடச் சொல்லியிருந்தார் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். நான் போடவில்லை. ‘மருந்தே கலக்காதது’ என்று சொல்லி விற்பதில் எனக்கு அத்தனை பெருமை.

நடவு வேலைக்குப் போகும் கன்னியம்மா ஒரு டப்பா வாங்கிப்போனாள். இரண்டு வாரம் கழித்து, கன்னமெல்லாம் சிவந்து தடித்து, வாசலில் வந்து நின்றாள். டப்பாவுக்குள் பச்சைப் பூசணம்.

“எம்மேலதாம்மா தப்பு. ஈரக் கைய உட்டு எடுத்துக்கினு இருந்துட்டேன். நல்ல சாமான கெடுத்துட்டேன்.”

அலமாரியில் யாரும் தொடாத ஐந்து டப்பாக்களிலும் பூசணம் பூத்திருந்ததை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். ஆனாலும், “இனிமேலாவது கையைத் துடைச்சுட்டு எடு” என்றேன்.

அடுத்த முறை பவுடர் போட்டுக் காய்ச்சி, அவளுக்குச் சும்மாவே கொடுத்தேன். வாங்குவதற்கு முன் முந்தானையில் கையை அழுந்தத் துடைத்தாள். விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தாள். நான் டப்பாவை அந்தக் கையில் வைத்தேன்.

அந்தக் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று இப்போது உங்களிடம் சொல்கிறேன். சொல்லியிருக்க வேண்டியது அவளிடம்.