பழனாயி கழற்றிய மாஸ்க்

பழனாயி பல்லடம் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாக ஆயா வேலை பார்த்தாள். ஆண்கள் வார்டில் படுக்கை விரிப்பு மாற்றுவதும், சளி துப்பிய பேசினைக் கழுவுவதும், எழ முடியாதவர்களைத் தாங்கிக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவதும் அவள்தான். கணவர் சின்னான் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, நாலு படி ஏறினாலே அவருக்கு இளைக்கும். தறியை விட்டு வீட்டோடு இருந்தார். மகள் கிருத்திகா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள்.

2009 மழைக்காலத்தில் பன்றிக் காய்ச்சல் பயம் எங்கும் பரவியது. ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் மாஸ்க் கொடுத்தார்கள். ஆயாக்களுக்கு இல்லை. பழனாயி தலைமை நர்ஸ் சாரதாமணியிடம் போய்க் கேட்டாள்.

“வந்ததே ஒரு பெட்டிதானுங்கக்கா. அடுத்து வந்தா உங்களுக்குத்தான் மொதல்ல.”

அடுத்தது வரவில்லை. மருந்துக் கடைகளிலும் கிடைக்கவில்லை. கிருத்திகா கம்பெனியில் வெட்டிப்போட்ட பனியன் துணியைக் கொண்டுவந்து, மூன்று மடிப்பாக மடித்து, நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு பழனாயி இரண்டு நாள் வேலை பார்த்தாள். மூன்றாம் நாள் மேனேஜர் பொங்கியண்ணன் வராண்டாவில் அவளை நிறுத்தினார்.

“என்னம்மா இது?”

“வார்டுல எல்லாரும் இருமுறாங்க சார். ஊட்டுல அவருக்கு நெஞ்சு சரியில்லீங்க.”

“ஆயாவெல்லாம் மூஞ்சியக் கட்டிக்கிட்டு நின்னா, இங்கயே அந்தக் காய்ச்சல் இருக்குதுன்னு ஆளுக ஓடிருவாங்க. கழட்டுங்க.”

கழற்றினாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம் என்றால், ஆளைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ஐப்பசியில் ஒரு லாரி டிரைவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது அவர் அவள் முகத்திலேயே இருமிவிட்டார். மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். சமையல்கட்டில் தனியாகப் படுத்துக்கொண்டாள். சின்னானுக்குச் சோறு போடுவதைக்கூட மகளிடம் விட்டாள். காய்ச்சல் விட்டு அவள் எழுந்த அன்றைக்கு அவர் இரும ஆரம்பித்தார்.

“மழைச் சளிதான் புள்ள. நீ வேலைக்குப் போ” என்றார்.

அடுத்த நாள் பேசுவதற்கே அவருக்கு மூச்சு போதவில்லை. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளவில்லை. கோவைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

கோவையில் அரசு ஆஸ்பத்திரி வார்டில் நுழையும்போதே அவளுக்கு மாஸ்க் கொடுத்தார்கள். சின்னான் அவளைப் பார்த்தார். கண்ணை மட்டும் வைத்து ஆள் அடையாளம் பிடிபடவில்லை போலிருக்கிறது. கையை உயர்த்தி, கீழே இறக்கு என்று சாடை காட்டினார். அவள் நாடாவில் கை வைத்தாள்.

“கழட்டாதீங்கம்மா!” என்றாள் நர்ஸ்.

“நாந்தானுங்க, பழனாயி” என்று குரல் மட்டும் கொடுத்தாள். அவர் மறுபடியும் சாடை காட்டினார். அவள் கழற்றவில்லை. ஆறாம் நாள் காலை அவர் இறந்துபோனார். உடலைச் சுற்றிக் கட்டியபடியே கொடுத்தார்கள். நேராக மயானத்துக்கு எடுத்துப் போனார்கள்.

அதற்கு முன் டாக்டரிடம் கேட்டாள். “எங்கிட்ட இருந்துதான் அவருக்கு வந்துதுங்களா?”

“அப்படிச் சொல்ல முடியாதும்மா. உங்க பொண்ணு கம்பெனி வேன்ல எத்தனை பேரோட போயிட்டு வர்றாங்க. அங்கிருந்தும் வந்திருக்கலாம்.”

ஆறுதலாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற கிருத்திகாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இருவரும், உன்னாலா என்னாலா என்று ஒருமுறைகூட வாய்விட்டுப் பேசவில்லை. வேறு பேச்சும் குறைந்தது. தை மாதம் கிருத்திகா கம்பெனி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். “வேலைக்குப் பக்கமா இருக்கும்மா” என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் எல்லா ஊழியர்களும் மாஸ்க் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பொங்கியண்ணனே வார்டு வார்டாக வந்து கொடுத்தார். பழனாயியிடமும் நீட்டினார். அவள் வாங்கி மாட்டிக்கொண்டாள்.

நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவர்கள் அதைத் தாடையில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“மூக்கு மேல ஏத்திக்கோங்க கண்ணு” என்பாள்.

ஏற்றிக்கொள்வார்கள். அவள் அடுத்த படுக்கைக்குப் போனதும் இறக்கிவிடுவார்கள். கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டாள்.