வெள்ளிக்கிழமை ஐந்து மணிக் கூட்டம்

பெயர்: வீட்டாரும் தெருவாரும் வைத்த பெயர் 'ஆட்டிப்பார்'. வயது: ஐம்பத்திரண்டு. தொழில்: உயரமான கட்டடங்களுக்குக் கட்டும் சாரத்தைச் சோதிப்பது. வெளிநாட்டில் இருந்த காலம்: பதினேழு ஆண்டு நான்கு மாதம். கடைசியாக விடுப்பில் வந்தது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. வீடு திரும்பிய நாள்: பிப்ரவரி 3, செவ்வாய். வேலைக்கு மீண்டும் வருவதா இல்லையா என்று நிறுவனத்துக்கு எழுதித் தெரிவிக்கக் கடைசி நாள்: மார்ச் 20, வெள்ளி. வீட்டில் இருப்பவர்கள் மூவர்: மனைவி, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மகன். மகன் பிறந்த ஒன்பதாம் நாள் அவர் விமானம் ஏறினார்.

சாரம் சோதிப்பவருக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். காலையில் ஆட்கள் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு குழாயையும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் பச்சை அட்டை. அசைவது போலத் தோன்றினாலே சிவப்பு. தாம் பச்சை அட்டை மாட்டிய சாரத்திலிருந்து ஒருவரும் விழுந்ததில்லை என்று அவர் வீட்டாரிடம் பலமுறை சொல்லியிருந்தார்.

வந்த மறுநாள் காலை, நாற்காலியை இரு கையாலும் ஆட்டிப் பார்த்த பிறகே உட்கார்ந்தார். பார்க்க வந்திருந்த மைத்துனர் சிரித்துவிட்டார்.

"மச்சான், அது நாற்காலி. விழுந்தா ஒன்றரை அடி."

"ஒன்றரை அடியிலயும் முதுகு உடையும்."

"சரி, ஆட்டிப் பாருங்க. எப்பத் திரும்பிப் போறீங்க?"

அந்த வாரத்தில் இதே கேள்வியை அவரிடம் ஒன்பது பேர் கேட்டார்கள். 'எப்ப வந்தீங்க' என்று கேட்டவர்கள் நால்வர்.

பிப்ரவரி 6, வெள்ளி. மாலை ஐந்து மணிக்கு மனைவியும் மகளும் மகனும் சமையலறைக்குள் போனார்கள். கதவு பாதி சாத்தப்பட்டது. இருபது நிமிடம் கழித்து மூவரும் தேநீரோடு வெளியே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்கள். "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றார் மனைவி. "வேலை நல்லாப் போகுது" என்றாள் மகள். "படிப்பு பரவாயில்லப்பா" என்றான் மகன். ஒரே கூரையின் கீழ், முழங்கால் முட்டும் தூரத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்வானேன் என்று அவருக்கு விளங்கவில்லை. அடுத்த வெள்ளியும் இதுவே நடந்தது. அவர் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பணியிடப் பதிவேட்டைப் போல எழுதலானார்: "நேரம் 5.00. மூவர். கதவு பாதி. குரல் தாழ்வு. என் தலை தெரிந்ததும் பேச்சு நிறுத்தம்." மடியில் கனமில்லாதவர்களுக்கு வழியில் என்ன பயம்?

பிப்ரவரி 17. மாடிப்படியின் கைப்பிடிக் கம்பிகளை ஆட்டிப் பார்த்தபோது, மூன்றாவது கம்பியில் வெல்டிங் தழும்பு விரலில் தட்டியது. துருவின் நிறத்தைப் பார்த்தால் மூன்று வருடம் இருக்கும். அன்று மாலை இன்னொன்றையும் கவனித்தார்: மனைவி கொடியில் இருந்த துணியை வலக்கையால் மட்டுமே எடுத்தார், மேல் அலமாரியில் எது வேண்டுமென்றாலும் மகளைக் கூப்பிட்டார்.

விபத்து நடந்தால் சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பது பணியிட விதி. மனைவியைக் கிணற்றடியிலும், மகளை மருந்துக்கடைக்குப் போகும் வழியிலும், மகனை மொட்டை மாடியிலும் வைத்துக் கேட்டார். மூவரும் சொன்னது: "பழைய கம்பிதானே, துருப்பிடிச்சிருந்துச்சு, அதான் ஒட்ட வச்சோம்." நோட்டில் எழுதினார்: "மூன்று பேர், ஒரே வாக்கியம். இது சாட்சியம் அன்று, ஒத்திகை."

அதன் பிறகு அவருக்கு எல்லாமே சான்றாகத் தெரிந்தது. கைப்பேசியில் சிரித்துக்கொண்டிருந்த மகள் அவரைக் கண்டதும் முற்றத்துக்குப் போனாள். அவர் பெட்டியை வைத்த இடத்தில் முன்பு மகனின் மேசை இருந்திருக்கிறது. அதை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை, தரையில் பதிந்திருந்த நான்கு மேசைக்கால் தடங்களைப் பார்த்து அவரே கண்டுபிடித்தார். இந்த வீடு தாம் இல்லாமலே நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டது, தம்மை வழியனுப்பும் நாளுக்காகவே காத்திருக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். மார்ச் 13 அன்று சமையலறைக் கதவுக்கு அப்பாலிருந்து கேட்ட மனைவியின் குரல் அதற்கு முத்திரை வைத்தது: "இருபதாம் தேதி வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

மீண்டும் வேலைக்கு வருவதாக அன்றே கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 20, மாலை ஐந்து மணி ஐந்து நிமிடம். அவர் சமையலறைக் கதவைத் தள்ளினார்.

"அப்பா, இப்ப உள்ள வராதீங்க!" என்றான் மகன், தன்னை அறியாமல்.

"வரல. போறேன்." கடிதத்தை அடுப்பு மேடையில் வைத்தார். "இனிமே நீங்க கதவைச் சாத்திக்க வேண்டாம்."

மனைவி படித்தார். "யாரு உங்களைப் போகச் சொன்னா?"

"நீதான். இருபதாம் தேதி வரைக்கும் வாயைத் திறக்காதீங்கன்னு சொன்னியே."

"ஒட்டுக் கேட்டீங்களாப்பா?" என்றாள் மகள்.

"ஒட்டுக் கேக்கல. சோதிச்சேன்."

மனைவி இடக்கையை உயர்த்தினார். அது தோள் மட்டத்தில் நின்றுவிட்டது. "போதுமா சோதனை? மூணு வருஷம் ஆச்சு. படியில விழுந்தேன். கம்பியும் போச்சு, தோளும் போச்சு."

"ஏன் சொல்லல?"

"முப்பதாவது மாடியில நிக்கிற மனுஷன்கிட்ட என்னத்தைச் சொல்ல? இங்க ஒரு வார்த்தை வழுக்கினா அங்க ஒரு கால் வழுக்கும். வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கு நீங்க போன் பண்ணுவீங்க. அஞ்சு மணிக்கே நாங்க கூடி, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாதுன்னு பேசி வச்சுக்குவோம். சின்னவன் உளறிடுவான்னு அவனுக்கு மட்டும் ரெண்டு தடவை சொல்லித் தருவோம்."

"நான் ஒரு தடவைதான் உளறினேன்" என்றான் மகன்.

"இப்ப நான் தரையிலதானே இருக்கேன்?"

"தெரியும்ப்பா. ஆனா அஞ்சு மணி ஆச்சுன்னா கால் தானா இங்க வந்துடுது" என்றாள் மகள்.

"அந்த இருபதாம் தேதி?"

மனைவி கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "என் கையைப் பார்த்து இரக்கப்பட்டு நின்னுட்டீங்கன்னா, பின்னாடி நாளுக்கு நாலு தடவை அதைச் சொல்லிக் காட்டுவீங்க. நிக்கிறதா இருந்தா உங்களுக்காக நில்லுங்க."

அவர் சுவரோரம் இருந்த முக்காலியை இழுத்து, ஆட்டிப் பார்த்து, உட்கார்ந்தார். "வேற என்னல்லாம் மறைச்சீங்க?"

மகன் எட்டாம் வகுப்பில் தேறாமல் மறுபடி எழுதியது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அப்பா எங்கே என்று கேட்டுவிட்டு எழுந்து போனது. ஒரு மழையில் பின்சுவர் இடிந்தது. ஒன்று முடிவதற்குள் இன்னொருவர் தொடங்கினார். பிறகு மூவரும் அவரைப் பார்த்தார்கள்.

"நானும் விழுந்திருக்கேன்" என்றார். "பதினோராவது வருஷம். லைன் சரியில்ல, லைன் சரியில்லன்னு ரெண்டு மாசம் சொன்னேனே, அப்ப ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன்."

"எந்தச் சாரம்?" என்று கேட்டான் மகன்.

"நான் பச்சை அட்டை மாட்டினதுதான்."

"அந்த ரெண்டு மாசமும் எனக்கு உங்க மேல ஒரு சந்தேகம்" என்றார் மனைவி.

"என்ன சந்தேகம்?"

"அதை இன்னொரு நாள் சொல்றேன்."

ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, திரும்பி வரவில்லை என்ற இரண்டு வரிகளை மகளின் கைப்பேசியிலிருந்து நிறுவனத்துக்கு அனுப்பினார். முதல் கடிதத்தை மனைவி கிழித்தார். நான்காகக் கிழிக்கப்பட்டதா என்று அவர் எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

அதன்பின் ஜூன் 5 வரை வந்த வெள்ளிக்கிழமைகள் பதினொன்று. சமையலறையில் கூட்டம் நடந்தவை பதினொன்று. அவர் அழைக்கப்பட்டவை பத்து.