நேராக்கப்பட்ட கோடு

“12.6.2009, வெள்ளி. வரைபடத்தில் மேட்டைக் காணோம். திங்கள் கடைசி நாள்.” அன்றைய என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது.

மேடு என் தங்கையுடையது. தன் இயற்பியல் ஆய்வேட்டை நாகமலை புதுக்கோட்டையில் ஒரு டிடிபி கடையில் தட்டச்சு செய்யக் கொடுத்திருந்தாள்; பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கத் திங்கள்தான் கடைசி நாள். பொருள், குவாண்டம் டெலிபோர்ட்டேஷன்: ஒரு துகளின் நிலையை, துகளை அனுப்பாமலே, தொலைவிலுள்ள இன்னொரு துகளில் உண்டாக்குவது. சுற்றுப்புறம் குறுக்கிட்டு அதைக் கெடுக்கும்; நேரம் ஆக ஆகத் துல்லியம் குறையும், வரைபடத்தில் கோடு இறங்கும். ஆனால் சுற்றுப்புறத்துக்கு நினைவு இருந்தால், எடுத்துக்கொண்டதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். கோடு நடுவில் ஒருமுறை ஏறும். அந்த மேடுதான் அவளுடைய ஆய்வு.

பிழை பார்க்க இருவரும் போனபோது திரையில் கோடு ஒரே சரிவாக இறங்கியது.

“தம்பி, இதுல ஏறுற இடம் எங்க?” என்றாள் தங்கை.

“அது நெளிஞ்சிருந்துச்சுக்கா. பிரின்ட்ல பேப்பர் இழுத்திருக்கும்னு நான்தான் நேராக்கி வரைஞ்சேன். எம்புட்டு நீட்டா இருக்கு பாருங்க.” கடைக்காரர் பாராட்டை எதிர்பார்த்தார்.

“நீட்டாத்தான் இருக்கு. எனக்குப் பட்டம் கிடைக்காது, அம்புட்டுதான்.”

அவள் கொடுத்த மூலத்தாள் கழிவோடு போயிருந்தது. எண்கள் ஆய்வகக் கணினியில் இருந்தன. ஆய்வகம் திங்கள் வரை பூட்டு.  அவள் பதறாமல் என் பக்கம் திரும்பினாள்.

“சமன்பாடு என்கிட்ட இருக்குண்ணே. நீ கால்குலேட்டர எடு.”

சனிக்கிழமை காலை கடையிலேயே உட்கார்ந்தோம். அவள் சொல்ல நான் தட்டினேன்; வந்த எண்ணைக் கடைக்காரர் திரையில் புள்ளியாக வைத்தார்.

“அப்ப இதுல ஏறுனா மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு போகாமலே மெட்ராஸ் போயிரலாமாக்கா?”

“ஆளு போக முடியாது தம்பி. பொட்டியக் கட்டாத.”

புள்ளிகள் இறங்கிக்கொண்டே வந்தன. பிறகு ஒன்று சற்று மேலே விழுந்தது. அடுத்தது அதற்கும் மேலே.

“அட, தானா ஏறுதுக்கா!”

“நான் ஏத்தலப்பா. கணக்கு ஏத்துது.”

திங்களன்று ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். வாய்மொழித் தேர்வில் அந்தப் பக்கத்தைத்தான் தேர்வாளர் முதலில் திறந்தார். கணக்கைக் கேட்டுவிட்டு, ஆய்வகத்தில் யாராவது இந்த ஏற்றத்தை அளந்திருக்கிறார்களா என்றார். “எனக்குத் தெரிந்து இன்னும் இல்லை” என்றாள் தங்கை, குரல் தாழாமல். பட்டம் கிடைத்தது.

யாரும் அளக்கவில்லை என்று அவள் சொன்னது அன்றைய தேதிக்குச் சரிதானா என்று பழைய ஆய்விதழ்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.