பிச்சைமுத்துவின் மகளோடு சிங்கப்பூரில் மூன்று நாள்

சிங்கப்பூர் பற்றி எழுதுங்கள் என்று இந்தத் தளத்தின் வாசகர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நானும் தனுஷ்கோடி, கொல்லிமலை, கும்பகோணம் என்று பேருந்துக் கட்டணத்துக்குள் சுற்றிக்கொண்டு நழுவிவந்தேன். இந்த ஜூன் மாதம் போய்வந்துவிட்டேன். சுற்றிப் பார்க்கத்தான் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. என் மகள் தர்ஷினி அங்கே இருக்கிறாள். பத்து வயது. அவள் அம்மாவும் நானும் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் நர்ஸ். மகளையும் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போன இடத்தில் ரவி என்பவரை மறுமணம் செய்துகொண்டார். ரவி சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். இப்போது தர்ஷினியைச் சட்டப்படி தத்தெடுக்க விரும்புகிறார். அதற்கு நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஏற்பாடு இப்படி: ஜூனில் அங்கே பள்ளி விடுமுறை. முதல் இரண்டு நாள் பகலில் மகள் என்னோடு. மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு வழக்கறிஞர் அலுவலகம். மாலை விமானம். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்காமலேயே கிளம்பினேன். புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் திருச்சிப் பக்கம் பத்திர எழுத்தர். 'இன்னார் மகன் இன்னார்' என்று இருபத்திரண்டு வருடமாக எழுதிப் பிழைக்கிறேன். யாருக்கு எழுதிக் கொடுப்பதென்றாலும் யோசிக்க மாட்டேன். இதற்கு மட்டும் யோசித்தேன்.

திருச்சியிலிருந்து நேரடி விமானம், நான்கு மணி நேரம் பத்து நிமிடம். அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 7.50-க்கு சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். டாக்சி பக்கம் போகவே வேண்டாம். நிலையத்துக்குள்ளேயே எம்.ஆர்.டி. ரயில் இருக்கிறது. எக்ஸ்போ நிலையத்தில் மாறினால் நேராக லிட்டில் இந்தியா. மொத்தம் நாற்பத்தைந்து நிமிடம், இரண்டு டாலர் சொச்சம். நான் போனபோது ஒரு டாலர் அறுபத்தேழு ரூபாய். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கத்துச் சந்தில் ஆறு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில், ஒரு நாளைக்கு 38 டாலர். சுத்தமாக இருந்தது. மேல் கட்டிலில் படுத்தவர் குறட்டையும் சுத்தமாகத்தான் விட்டார்.

பதினோரு மணிக்கு ரயில் நிலையத்தின் 'சி' வாசலில் ரவி தர்ஷினியைக் கொண்டுவந்து விட்டார். சாங்கியில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவர். அன்று மதிய ஷிஃப்ட். "வாங்கண்ணே, ஃப்ளைட்லாம் ஓகேவா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், தலையில் முடியும் என்னைவிட அதிகம், நான் அண்ணனாம். மோசமான ஆளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். குனிந்து அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைச் சரியாகத் திருகிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"பை டாடி" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, சாப்டீங்களா?" என்றாள். அவர் டாடி, நான் அப்பா. அந்தக் கணக்கு எனக்குப் போதும் என்று அப்போது நினைத்தேன்.

லிட்டில் இந்தியா என்று வரைபடத்தில் இருப்பதை அங்கே நம்மவர்கள் தேக்கா என்கிறார்கள். கீழே மீன், கறி, காய்கறிச் சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும், மாடியில் துணிக்கடைகளும் தையல்காரர்களும். ஆட்டு பிரியாணி ஏழு டாலர், ஒரு தட்டு இரண்டு பேருக்குத் தாராளம். அவள் கரண்டியால் சாப்பிட்டாள். நான் கையால் சாப்பிட்டேன். நான்கு வருடம் கழித்து நேரில் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கழுத்துக்கு மேல்தான் தெரிவாள். இவ்வளவு உயரம் வளர்ந்திருப்பாள் என்று தெரியாமல், நான் ஊரிலிருந்து எடுத்துப்போன சுடிதார் நீளத்தில் குட்டையாகவும் அகலத்தில் தொளதொளவென்றும் இருந்தது. மாடியில் ஒரு தையல்காரரிடம் பக்கவாட்டில் பிடித்துத் தரச் சொன்னேன். எட்டு டாலர், ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

ரசீதுப் புத்தகத்தை எடுத்தவர், "யார் பேருல எழுதட்டும்?" என்றார்.

"பிச்சைமுத்து" என்றேன்.

தர்ஷினி சட்டென்று இரண்டு எட்டுத் தள்ளிப்போய் அடுத்த கடையின் வளையல்களைப் பார்க்க ஆரம்பித்தாள். அங்கிருந்தே திரும்பாமல், "அங்கிள், தர்ஷினின்னு போடுங்க" என்றாள். தையல்காரர் என்னைப் பார்த்தார். "பாப்பா சொல்ற மாதிரியே போடுங்க" என்றேன். பிள்ளைக்குத் தூக்கமோ களைப்போ என்று எண்ணிக்கொண்டேன். மாலை ஆறு மணிக்கு அவளை அவர்கள் குடியிருக்கும் குவீன்ஸ்டவுன் வீட்டில் விட்டேன். லிட்டில் இந்தியாவிலிருந்து ஊட்ரம் பார்க்கில் மாறி இருபத்தைந்து நிமிடப் பயணம்.

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அவள் புளோக்கின் கீழே காத்திருந்தேன். பழைய அடுக்குமாடி வீடுகள். கீழே சிமென்ட் மேசைகளில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 'மேலே வாருங்கள்' என்று அவள் அம்மா செய்தி அனுப்பினார். போகவில்லை. குவீன்ஸ்டவுனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் பதினைந்து நிமிடத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து, வாயால் தண்ணீர் கொட்டும் சிங்கமீன் சிலைக்குப் பத்து நிமிட நடை. கட்டணம் இல்லை. அந்தத் தண்ணீர் தங்கள் வாயில் விழுவது போலப் படம் எடுக்க ஒரு கூட்டமே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நாங்களும் பிளந்தோம். அந்தப் படத்தில் அவள் சிரிக்கிறாள்.

அங்கிருந்து நீரோரமாகவே நடந்தால், மூன்று கட்டடங்களின் தலையில் கப்பலைத் தூக்கி வைத்தது போன்ற அந்த ஹோட்டலைத் தாண்டி, கடற்கரைத் தோட்டம். இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். குடை அவசியம். அங்கே நட்டு வைத்திருக்கும் ராட்சத இரும்பு மரங்களைக் கீழிருந்து பார்க்க இலவசம். கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் சீட்டு. உள்ளூரில் வசிப்பவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு வேறு விலை. எனக்கு 46 டாலர், அவளுக்கு 18. விலை மாறிக்கொண்டே இருக்கிறது, போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டு கொடுத்த பெண், தர்ஷினி உள்ளூரில் வசிப்பதைக் காட்டும் அட்டையை வாங்கிப் பார்த்து, சிரித்துக்கொண்டே, "என்ஜாய், பிச்சைமுத்து" என்றாள். தர்ஷினிக்கு முகம் சுருங்கிவிட்டது.

உள்ளே செயற்கை அருவி, குளிர், மேகம் போன்ற புகை. அவள் எதையும் பார்க்கவில்லை. வெளியே வந்து நீரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். மணி நான்கு. என்னம்மா என்று கேட்டேன்.

"ஸ்கூல்லயும் அப்படித்தான்ப்பா. என் பேரு தர்ஷினி, ஆனா பாஸ்போர்ட்ல சர்நேம் பிச்சைமுத்து. லிஸ்ட்ல அதான் ஃபர்ஸ்ட் வரும். புது டீச்சர் வந்தா பிச்சைமுத்துன்னுதான் கூப்பிடுவாங்க. சைனீஸ் பசங்க பிஸ்ஸான்னு சொல்லுவாங்க. அது பரவால்ல. தமிழ் கிளாஸ்லதான்..." கையைக் குவித்து நீட்டிக் காட்டினாள், "அம்மா தாயே."

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பியது நான். நமக்கு ஏது குடும்பப் பெயர், அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்று முகவர் சொன்னார். பத்திரத்தில் காலி இடம் விடக் கூடாது, விட்டால் எவனாவது எதையாவது எழுதிக்கொள்வான் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அவரிடமிருந்து பேனாவை வாங்கி என் பெயரை எழுதினேன். பெருமையாக எழுதினேன். நான் எழுதிய ஒரு பெயரால் என் பிள்ளை நான்கு வருடமாக வகுப்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். செருப்பால் அடித்தது போல் இருந்தது.

அவளிடம் அந்தப் பெயரின் கதையைச் சொன்னேன். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக நான் பிறந்ததும் என் அம்மா நான்கு வீட்டில் பிச்சை எடுத்து அந்த அரிசியில் கஞ்சி வைத்துக் குடித்து, எனக்கும் பிச்சை என்றே பெயர் வைத்தார். பிச்சைக்காரப் பிள்ளையை எமனும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான் என்று நம்பிக்கை. எங்கள் பக்கம் அப்படி வைப்பது வழக்கம்.

கவனமாகக் கேட்டாள். "அப்ப அது புரொடெக்‌ஷன் மாதிரியா?"

"ஆமாம்மா."

"எனக்கு முன்னாடி யாரும் சாகலயேப்பா" என்றாள்.

அவளே தொடர்ந்தாள். "நாளைக்கு நீங்க சைன் பண்ணா என் பேரு தர்ஷினி, டாட்டர் ஆஃப் ரவின்னு வருமாம். அப்ப எல்லாரும் தர்ஷினின்னு மட்டும்தான் கூப்பிடுவாங்க. அம்மா சொன்னாங்க, நான் இங்கயே படிக்கிறதுக்கும் ஈசியாம்."

"உனக்கு என்ன வேணும்? அம்மாவுக்காகச் சொல்லாத. உனக்கு."

"எனக்கு வேணும்ப்பா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, அந்த ஊர்ப் பேச்சில், "நீங்க அழக் கூடாது லா. சண்டே எப்பவும் போல பேசுவேன்" என்றாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல்லாக இருந்திருந்தால் கோபப்பட்டுவிட்டு வந்திருப்பேன்.

மூன்றாம் நாள். வழக்கறிஞர் அலுவலகம் நகர மையத்தில் ஒன்பதாவது மாடி. தர்ஷினியும் அவள் அம்மாவும் வெளியே சோபாவில். உள்ளே வழக்கறிஞர், நம் தமிழ்ப் பெண்தான், "நிதானமா படிங்க சார், அவசரமில்ல" என்றார். ஆங்கிலத்தில் நான்கு பக்கம். மற்றவர்கள் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுவார்கள். நான் பிழைக்குப் படிப்பவன். முழுதாகப் படித்தேன்.

இரண்டாம் பக்கத்தில் பிழை இருந்தது. என் பெயரில் ஓர் ஆங்கில 'டி' கூடுதலாக விழுந்திருந்தது. பாஸ்போர்ட்டிலும் மகளின் பிறப்புச் சான்றிதழிலும் அந்த எழுத்து கிடையாது. சான்றிதழில் உள்ள தகப்பன் வேறு, சம்மதிக்கிற ஆள் வேறு என்று ஆகிவிடும். எங்கள் சார்பதிவாளர் இதைப் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்புவார். இங்கேயும் எங்காவது ஒரு மேசையிலிருந்து திரும்பித்தான் வரும். மறுபடி அச்சடித்து, மறுபடி எனக்கு அனுப்பி, மூன்று நான்கு மாதம் ஓடும். நான் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டால் போதும். சம்மதித்த மாதிரியும் இருக்கும், அதுவரைக்கும் அவள் என் மகளாகவே இருப்பாள். என் மேல் ஒரு குற்றமும் வராது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதை நினைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒரு நிமிடத்துக்கு மேலேயே நினைத்தேன்.

பள்ளி திறக்க இன்னும் எட்டு நாள் இருந்தது. புது டீச்சர் வந்தால் பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுவார்.

"மேடம், இங்க ஒரு எழுத்து தப்பு" என்றேன்.

அவர் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஐயோ, நல்ல வேளை சார் நீங்க பார்த்தீங்க" என்றார். திருத்தி அச்செடுக்கப் பத்து நிமிடம் ஆனது. கையெழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கதவைத் திறந்தேன். அவள் அம்மா ஏதோ கேட்க, என் பின்னால் வந்த வழக்கறிஞர் தலையசைத்தார். தர்ஷினி அம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். உடனே என்னைப் பார்த்துவிட்டாள். விரலை மடக்கிக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். விமான நிலையத்துக்கு வருகிறேன் என்றவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வந்தால் கையெழுத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவேனோ என்று பயம்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். சாப்பாடு, ரயில், நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு நூறு டாலர் வைத்துக்கொண்டால் கஷ்டமில்லை. ஜூனில் மதியம் மழை கொட்டும், அரை மணியில் விட்டுவிடும். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர்க் கட்டத்தில் எதை எழுதினால் அந்தந்த நாட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று போய்வந்தவர்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். பத்திர எழுத்தரைக் கேட்க வேண்டாம்.

விசா எனக்கு முகவர் கூலியோடு மூவாயிரத்து இருநூறு ரூபாய் ஆனது, நான்கு வேலை நாளில் வந்துவிட்டது. விண்ணப்பத்தில், அங்கே யாரைப் பார்க்கப் போகிறீர்கள், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். இந்த முறை மகள் என்று எழுதினேன். டிசம்பர் விடுமுறைக்கு மறுபடி போகலாம் என்று போன வாரம் அதே முகவரிடம் போய், இனி அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று விவரம் சொல்லிக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"தெரிஞ்சவங்கன்னு எழுதிடுங்க சார். ஒரு பிரச்சினையும் வராது" என்றார்.