சித்தப்பா வளர்த்த விலாங்கு

எங்கள் சித்தப்பாவின் வாழ்க்கைக்குள் தை மாதம் சித்தியவான் ஊரிலிருந்து கல்யாணமாகிச் சித்தி வந்தார். ஆனி மாதம் லுமுட் கடலிலிருந்து மோரே என்ற வகை விலாங்கு மீன் ஒன்று வந்தது. எனக்கு விலாங்குதான் பெரிதாகத் தெரிந்தது.

சித்தப்பா மீன் லாரி ஓட்டுபவர். வலையில் சிக்கியதை மீனவர்கள் சும்மா கொடுக்க, ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துவிட்டார். வாரா வாரம் லாரியில் கடல் தண்ணீரும் வந்தது. விலாங்கு பிளாஸ்டிக் குழாய்க்குள் புகுந்துகொண்டு, தலையை மட்டும் நீட்டி, வாயைப் பிளந்து பிளந்து மூடும். கடிக்க வருகிறது என்று அம்மா கூடத்துக்கே வரமாட்டார். நான் பள்ளி நூலகத்தில் புத்தகம் தேடிப் படித்து, அது கோபமில்லை, மூச்சுவிடுகிறது என்று வீட்டில் அறிவித்தேன். பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு.

ஆனால் அது சாப்பிடவில்லை. அதற்குக் கண் மங்கல், வாசனைதான் வழிகாட்டும் என்று புத்தகத்தில் இருந்ததால், சித்தப்பா கணவாய்த் துண்டைக் குச்சியில் குத்தி அதன் மூக்கருகே ஆட்டுவார். அது குழாய்க்குள் இன்னும் பின்வாங்கும். செத்துவிடுமோ என்று வகுப்பில்கூட எனக்கு அதே கவலை.

"கொஞ்ச நாள்ல பழகிடும் லா," என்பார் சித்தப்பா.

சித்தியைப் பற்றியும் அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி அறையைவிட்டு அதிகம் வரமாட்டார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் மாட்டார். வந்தால் தொட்டிக்கு முன்னால்தான் நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்றபடியே, "விட்டுருங்களேன். பாவமா இருக்கு," என்றார்.

சித்தப்பா கணவாய்க் குச்சியைத் தொட்டிமேல் வைத்தார். பிறகு, "சரி, போலாம்," என்றார்.

காரில் மூடிபோட்ட வாளி என் காலடியில் இருந்தது. சித்தியின் பெட்டி பின்னால் ஏறியது. லுமுட்டில் பாறைகளுக்கிடையே வாளியைச் சாய்த்ததும், விலாங்கு ஒரு நிமிடம் அசையாமல் கிடந்துவிட்டு ஒரு பொந்துக்குள் நுழைந்து மறைந்தது. திரும்பும் வழியில் சித்தியவானில், தன் அம்மா வீட்டு வாசலில் சித்தி இறங்கிக்கொண்டார். சித்தப்பா பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். நான் கையாட்டினேன்.

ஈப்போ சாலைக்கு வந்ததும் சித்தப்பா காரை ஓரங்கட்டிவிட்டு அழுதார். ஒரு மீனுக்காகப் பெரியவர்கள் இப்படியும் அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியம். அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. தெரிந்ததைச் சொல்லித் தேற்றினேன்.

"அழாதீங்க சித்தப்பா. இனிமே அது நல்லா சாப்பிடும் லா."

"ஆமா," என்றார் சித்தப்பா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நல்லா சாப்பிடணும்."

ஒரு பெரிய மனிதரின் துக்கத்தைத் தீர்த்துவைத்துவிட்ட பெருமையோடு, காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.